கண்ணால் கண்டபடி

1647 ஆகஸ்ட் 19, திங்கள்

பொழுது விடிந்ததும் தம்பியோடு சண்டை.

லேண்டெர்ட் புகைபோட்ட விலாங்கு கொண்டு வந்தான். கொடுத்தோமா போனோமா என்று இருந்திருக்கலாம். பட்டறைக்குள் எட்டிப் பார்த்தான். யோரிஸ் ஐயாவின் ஆற்றுப் படம் முடிந்து, காய்வதற்காகச் சுவரோரம் நின்றது. நல்ல அகலமான ஓக் பலகை. முக்கால்வாசி வானம். கீழே நம் மெர்வேடே ஆறு, இடது ஓரத்தில் மொட்டைக் கோபுரம், நடு ஆற்றில் எல்லைக் கம்பம். இதெல்லாம் ஐயா போட்டது. கம்பத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே படகு, அதில் வலை இழுக்கும் ஆள், இரண்டு வாத்துகள் — இவை நான் போட்டது. எங்கள் பட்டறையில் வேலை அப்படித்தான் பிரியும். ஐயா கையில் மேகம் உருளும். மனிதனை வரைந்தால் மாவு மூட்டை. அதனால்தான் என் கணவர் யாஸ்பர் போய்ச் சேர்ந்த பிறகும் என்னைப் பட்டறையில் வைத்திருக்கிறார். ஆள் வரைய இந்த டோர்ட்ரெக்ட் நகரத்தில் என்னை விட்டால் யார்?

லேண்டெர்ட் படத்தைப் பார்த்தான். தலையைச் சாய்த்தான். தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"ஏங்க்கா, இது நானா?"

"பச்சைக் குல்லாவைப் பார்த்தா தெரியல?"

"குல்லா என்னுதுதான். ஆனா நான் எப்போ வலது கைக்காரன் ஆனேன்?"

என்ன சொல்வது? ஜூன் மாதம் கரையில் உட்கார்ந்து அவனைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்தேன். நன்றாக வந்தது. ஆனால் ஐயாவின் பலகைக்குப் படகு எதிர்ப்பக்கம் திரும்பினால்தான் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஈரத்தாளை அந்தச் சுண்ண ஓவியத்தின் மேல் வைத்து அழுத்தி எடுத்தேன். இடது வலதாகும், வலது இடதாகும். எல்லாப் பட்டறையிலும் செய்கிற வேலைதான். கையை மறுபடி மாற்றிப் போட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவன் பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கே ஐயா வழக்கம்போல ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'கண்ணால் கண்டபடி'. எங்கள் பட்டறைப் படம் விலை போவதே அந்த இரண்டு சொல்லால்தான்.

"கண்ணால் கண்டபடியா?" என்று சிரித்தான். "சும்மா 'கண்டபடி'ன்னு எழுதியிருந்தா சரியா இருந்திருக்கும்க்கா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மேசையில் கிடந்த அந்த ஜூன் மாத ஓவியத்தையே கசக்கி அவன் மேல் எறிந்தேன். "எடுத்துட்டுப் போடா! இதுல சரியாத்தான் இருக்கே, வீட்ல மாட்டி வச்சுக்கோ! பத்து வருஷமா ஆள் வரையறவளுக்கு மீன் பிடிக்கறவன் பாடம் எடுக்க வந்துட்டான்!" என்று கத்தினேன். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்பாவும் மீன் பிடித்தவர்தான். நானும் அந்த வீட்டில்தான் பிறந்தேன். அதுதான் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 20

விலாங்கு ருசியாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 27

படம் விற்றுவிட்டது. வாங்கியவர் ஹைபெர்ட். மொட்டைக் கோபுரத்துப் பக்கத் தண்ணீரைக் குத்தகை எடுத்திருப்பவர்; ஆறு படகு, புது வீடு, முன்னறையில் வெறும் சுவர். எல்லைக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் என் தம்பி தண்ணீர், அந்தப் பக்கம் அவர் தண்ணீர்.

வெகுநேரம் படத்தின் முன்னால் நின்றார். என் கையைத்தான் ரசிக்கிறார் என்று நான் கோழி போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஏம்மா, இது லேண்டெர்ட்தானே?"

"ஆமா, என் தம்பிதான். குல்லாவை வச்சே கண்டுபிடிச்சுட்டீங்களே!"

"படகும் அவனோடதுதான். சரி, இது பார்த்து வரைஞ்சதா, மனசுல தோணினதா?"

"எங்க பட்டறையில அந்த வேலையே கிடையாதுங்க. கண்ணால் கண்டபடிதான்."

ஐயா பின்னாலிருந்து தலையாட்டினார். ஹைபெர்ட் பேரம்கூடப் பேசவில்லை. பேரம் பேசாத மனிதரை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 8

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

கோயில் விட்டதும் தம்பி பெண்டாட்டி நேல்ட்யா நேரே என்னிடம் வந்தாள். மூன்று வாரமாக நானும் லேண்டெர்டும் பேசவில்லை. சமாதானம் பேச வருகிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அண்ணி, உங்களுக்கு எங்க மேல என்ன கோவம்? ஒரு வார்த்தை சொன்னதுக்காகவா எங்க தலையில மண்ணை வாரிப் போட்டீங்க?"

"என்னடி உளர்றே?"

"ஹைபெர்ட் உங்க படத்தைக் கொண்டுபோய் மணியக்காரர் முன்னால வச்சிருக்காரு. 'பாருங்க, லேண்டெர்ட் கம்பத்தைத் தாண்டி என் தண்ணியில வலை போடறான், அவன் அக்காவே வரைஞ்சிருக்கா, கண்ணால் கண்டபடின்னு சீட்டும் இருக்கு'ங்கறாரு."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு புரிந்தது. தெருவிலேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பத்தைத் தாண்டியவனுக்குத் தண்ணீர் கிடையாது. அது பழைய சட்டம். நவம்பரில் மார்ட்டின் திருநாள் அன்று மணியக்காரர் எல்லாத் தண்ணீரையும் மறுபடி குத்தகைக்கு விடுவார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டோடு இருக்கிற தண்ணீர் அன்று ஹைபெர்டுக்குப் போகும். லேண்டெர்டுக்கு வேறு தொழில் தெரியாது. மூன்று குழந்தைகள். விசாரணை அக்டோபர் 14.

"அந்தத் தாள் எங்கே? நான் அவன் மேல எறிஞ்சேனே, ஜூன்ல வரைஞ்சது. அதுல அவன் தன் தண்ணியிலதான் இருக்கான், கம்பம்கூடப் போட்டிருக்கேன்!"

நேல்ட்யா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுவா? அவர் ஆசையா மடிச்சு வச்சிருந்தாரு. எனக்கு உங்க மேல வந்த ஆத்திரத்துல நான்தான் அடுப்புல போட்டேன்."

இரண்டு பெண்களின் கோபம். போதுமே, ஒரு குடும்பத்தை முடிக்க.

செப்டம்பர் 9

ஐயாவிடம் போனேன். "விசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. படகை நான் திருப்பிப் போட்டது உங்களுக்குத் தெரியுமே."

அவர் மூட்டுவலிக் காலை முக்காலி மேல் வைத்துக்கொண்டு மேகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"மாக்டெல்ட், அணைக்கரை வாரியத்துக்காரங்க நம்மகிட்ட பெரிய படம் கேட்டிருக்காங்க. நகரத்திலிருந்து கடல் முகம் வரைக்கும் முழு ஆறு. ஏன் நம்மகிட்ட கேட்டாங்க? நாம உள்ளதை உள்ளபடி போடறோம்னு நம்பி. இப்போ நான் போய் 'அதெல்லாம் திருப்பிப் போட்டதுங்க'ன்னா என்ன ஆகும்?"

"என் தம்பிக்கு என்ன ஆகும்?"

"அந்தப் படத்துல உன் பேரையும் என் பேருக்குப் பக்கத்துல போடலாம்னு இருந்தேன்."

பத்து வருடமாக அதைக் கேட்கக் காத்திருந்தேன். இன்றைக்கா சொல்ல வேண்டும், பாவி மனுஷன்!

"நாம படம் போடறவங்க. சாட்சி சொல்றவங்க இல்ல" என்றார்.

"பின்னே அந்தச் சீட்டு என்னங்க?" என்றேன். அவர் மேகத்துக்கு இன்னும் வெள்ளை குழைத்தார்.

செப்டம்பர் 12

நான்கு மாடு வரைந்தேன். நான்கையும் சுரண்டினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

லேண்டெர்டை அணைக்கரையில் பிடித்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தான். இடது கையால் உதறி, இடது கையால் கொம்பில் மாட்டினான். சின்ன வயதில் அந்தக் கைக்காக அப்பாவிடம் எத்தனை அடி வாங்கியிருப்பான். என்ன அடித்தும் மாறவில்லை. நான் ஒரே நாளில், ஒரு ஈரத்தாளில் மாற்றிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்தது.

"லேண்டெர்ட், உண்மையைச் சொல்லு. நீ எப்பவாவது கம்பத்தைத் தாண்டினியா?"

அவன் வலையைக் கீழே வைத்தான்.

"ஊர்ல எல்லாரும் இதைத்தான் கேட்கறாங்க. நீயும் கேட்கறியா?"

"சாட்சி சொல்லப் போறவ நான். தெரிஞ்சுக்கணும் இல்ல?"

"நீ என்னை நம்பறியா இல்லையாக்கா? அதைச் சொல்லு முதல்ல."

நம்புகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. நான் இரண்டு மூச்சு தாமதித்தேன். அதற்குள் அவன் படகில் ஏறிவிட்டான்.

ஏன் கேட்டேன்? ஏன்? ஆனால் கேட்காமல் எப்படிச் சத்தியம் செய்வது? 'அவன் தாண்டவே இல்லை' என்று சொன்னால் அதுவும் இன்னொரு சீட்டுதானே — கண்ணால் காணாததைக் கண்டபடி.

செப்டம்பர் 24

மீன் சந்தை. சால்மன் வெட்டுகிற ட்ரைன் நான் வருவதைப் பார்த்ததுமே குரலை உயர்த்தினாள். "வாங்க வாங்க, எங்களையும் ஒரு படம் போடுங்களேன்! அப்படியே யாரோட பணப்பையிலயாவது கையை விடற மாதிரி போட்டுடுங்க, என்னைச் சிறையில போடுவாங்க, புருஷன் தொல்லை விட்டுது!" சந்தையே சிரித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கெண்டை வாங்கப் போனவள் வெறும் கூடையோடு திரும்பினேன்.

அக்டோபர் 1

சாப்பாடு இறங்கவில்லை. மோர்க் கஞ்சிதான். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையில் மூன்று முறை நடந்தேன். விசாரணையில் 'திருப்பிப் போட்டேன்' என்று சொல்வேன். 'தம்பிக்காகப் பொய் சொல்கிறாள்' என்பார் ஹைபெர்ட். அவர் கையில் பலகை இருக்கிறது. என் கையில் என்ன இருக்கிறது? சாம்பல்.

அக்டோபர் 6

கோயிலுக்குப் புறப்படும்போது யாஸ்பரின் கண்ணாடியில் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஓவியர்கள் வைத்திருக்கிற கண்ணாடி அது. வரைந்ததை அதில் காட்டிப் பார்த்தால் கோணல் எல்லாம் தெரியும். எனக்கு இடது கன்னத்தில் மச்சம். கண்ணாடிக்குள் இருக்கிறவளுக்கு அது வலது கன்னம்.

அட முட்டாளே. அட மடச்சியே!

கோயிலுக்குப் போகவில்லை. கடவுள் மன்னிப்பார். அவர்தானே காட்டினார்.

அக்டோபர் 13

ஐயா சொன்னார்: "நாளைக்கு நீ அங்கே போனா, நாளன்னிக்கு இங்கே வராதே." கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

என் தூரிகைகளை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கண்ணாடியையும்.

அக்டோபர் 14, திங்கள்

எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டும்.

மணியக்காரரின் கூடத்தில் நிற்க இடமில்லை. ஈரக் கம்பளி வாசனை. ஊர்ப் பெரியவர்கள் நால்வர் அவருக்கு இரண்டு பக்கமும். பலகையை ஒரு பெஞ்சின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்திலும் என் கண் முதலில் பார்த்தது வாத்துகளைத்தான். நன்றாக வந்திருக்கின்றன.

லேண்டெர்ட் சுவரோரம் குல்லாவைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

ஹைபெர்ட் அழகாகப் பேசினார். "இது மொட்டைக் கோபுரம். இது கம்பம். கம்பத்துக்குக் கோபுரத்துப் பக்கம் என் தண்ணி. அதுல யாரு? படகு யாருது, குல்லா யாருது? நான் சொல்லலீங்க, அவன் கூடப் பிறந்தவளே என்கிட்ட சொன்னா." பலகையைத் திருப்பிச் சீட்டைக் காட்டினார்.

மணியக்காரர் என்னைக் கூப்பிட்டார். "அப்படிச் சொன்னியாம்மா?"

"சொன்னேங்க."

"இந்தச் சீட்டுல இருக்கறது உண்மையா?"

"இல்லீங்க. பொய்."

கூடத்தில் ஒரே சத்தம். ஹைபெர்ட் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "தம்பிக்காக இப்போ பொய் சொல்றா!"

"பொய் சொன்னது அன்னிக்கு. பெருமைக்காகச் சொன்னேன். இன்னிக்கு அதைத் தின்னுட்டுப் போக வந்திருக்கேன்" என்றேன். "ஐயா, என் தம்பி எந்தக் கைக்காரன்னு இங்கே யாரையாவது கேளுங்க."

மணியக்காரர் கேட்கவில்லை. மேசையிலிருந்த ஆப்பிளை எடுத்து, "ஏய் லேண்டெர்ட்!" என்று வீசினார். இடது கை பறந்து வந்து பிடித்தது. சிரித்தார்கள்.

"இப்போ படத்துல பாருங்க. வலது கையால இழுக்கறான். மீன் தொட்டி மூடி அவன் படகுல எந்தப் பக்கம் திறக்கும்? குல்லாவுல கிழிசல் எந்தக் காது மேல இருக்கு?"

"உனக்கு வரையத் தெரியலேன்னு அர்த்தம்!" என்றார் ஹைபெர்ட்.

அந்த வார்த்தைக்கு வேறொரு நாள் அவர் முகத்தில் நகம் பதிந்திருக்கும். இன்று அதை விழுங்கினேன். "இருக்கலாம்" என்றேன். கண்ணாடியை எடுத்துப் படத்துக்கு எதிரே பிடித்தேன்.

பெரியவர்களில் ஒருவர், பழைய படகோட்டி, எழுந்து வந்து கண்ணாடிக்குள் மூக்கை நுழைக்கிற மாதிரி பார்த்தார். "அட, லேண்டெர்ட்! இடது கை. மூடியும் சரியான பக்கம். கிழிசலும் சரி. அவனேதான்!" பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா கோபுரம் இடம் மாறிடுச்சே."

"அதுதாங்க" என்றேன். "கோபுரம் சரியா இருக்கணும்னா ஆள் தப்பு. ஆள் சரியா இருக்கணும்னா கோபுரம் தப்பு. ரெண்டையும் சேர்த்து யாரும் கண்ணால பார்க்கல. நான் அவனை அவன் தண்ணியிலதான் பார்த்து வரைஞ்சேன். அப்புறம் கண்ணுக்கு அழகா இருக்கட்டும்னு ஈரத்தாள்ல திருப்பி எடுத்தேன். திருப்பினதும் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டான். கையை மாத்திப் போட மறந்துட்டேன். அவன் எங்கிட்ட சொன்னான். அவனை வெளியே துரத்தினேன்."

மணியக்காரர் பின்வரிசையைப் பார்த்தார். "யோரிஸ், உம்ம படம்தானே. நீர் என்ன சொல்றீர்?"

அவர் வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தடியை ஊன்றி எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அணைக்கரை வாரியத்துக்காரர் ஒருவரும் அங்கே இருந்தார்.

"ஆள் அவளோடது" என்றார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "வானம்… அது போன வருஷத்து வானம்" என்றார்.

கூரை அதிரச் சிரித்தார்கள். ஐயா சிரிப்புக்கு நடுவே தடியை ஊன்றி வெளியே போனார்.

மணியக்காரர் கடைசியாக ஒன்று கேட்டார். "ஒரே கேள்விம்மா. உன் தம்பி கம்பத்தைத் தாண்டினதே இல்லைன்னு சொல்வியா?"

லேண்டெர்ட் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் பார்த்ததில்லீங்க" என்றேன். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு மனிதனின் கை எதுவென்றே தெரியாத படத்திடம் அவன் எங்கே இருந்தான் என்று கேட்க முடியாது, இது சாட்சி ஆகாது என்றார் மணியக்காரர். அவ்வளவுதான். வெளியே வந்ததும் நேல்ட்யா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். லேண்டெர்ட் படகை அவிழ்க்கப் போய்விட்டான்.

நவம்பர் 11, மார்ட்டின் திருநாள்

தண்ணீர் அவனுக்கே. ஆறு வருடத்துக்கு. நேல்ட்யா வாத்துக்கறியில் ஒரு காலைத் துணியில் சுற்றி அனுப்பியிருந்தாள். "அவர் சொன்னாரா அனுப்பச் சொல்லி?" என்று கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

தனியாகத் தின்றேன்.

டிசம்பர் 5

சந்தையில் ட்ரைனின் கடைக்குப் பெயர்ப்பலகை வரைந்து கொடுத்தேன்: ஒரு சால்மன். "இது எந்தக் கை மீன்?" என்று கேட்கிறாள் சிறுக்கி. ஆனால் ஒழுங்காகக் கூலி கொடுத்தாள். பக்கத்துக் கடைக்காரரும் கேட்டிருக்கிறார்.

அணைக்கரை வாரியம் பெரிய படத்தை வேறு ஊர்க்காரருக்குக் கொடுத்துவிட்டது. யோரிஸ் ஐயா என்னைத் தெருவில் பார்த்தால் ஆற்றைப் பார்க்கிறார்.

1648 ஜனவரி 12

ஆறு உறைந்துவிட்டது. கரையிலிருந்து பார்த்தேன். லேண்டெர்ட் பனிக்கட்டியில் துளையிட்டு உட்கார்ந்திருந்தான். கம்பத்துக்கு இந்தப் பக்கம்தான். அதைக் கவனித்ததற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இன்னும் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் நான்?

பிப்ரவரி 3

கதவைத் திறந்தால் ஹைபெர்ட். கம்பளியில் சுற்றிய பலகையோடு.

"இதை வச்சுக்கிட்டு என்னால முடியலம்மா. வீட்டுக்கு வர்றவனெல்லாம் 'கண்ணாடி எங்கே, கண்ணாடி எங்கே'ன்னு கேட்கறான். என் மாமனாரே கையில கண்ணாடியோட வந்துட்டாரு."

சிரிப்பை அடக்கத் தலைத்துணியின் நுனியைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "என்ன பண்ணணும்?"

"அவனை எடுத்துடு. என் தண்ணியிலேருந்து அவனை எடுத்துடு. கூலி தர்றேன்."

"உங்க தண்ணியிலேருந்துதானே? எடுத்துடறேன்" என்றேன்.

பிப்ரவரி 17

சுரண்டிவிட்டேன். கோபுரத்துப் பக்கம் இப்போது வெறும் தண்ணீர், இரண்டு வாத்து. யாஸ்பரின் சின்னக் கத்தியால் தம்பியின் முகத்தைக் கடைசியில்தான் சுரண்டினேன். நினைவிலிருந்து வரையலாம், முன்பெல்லாம் அப்படித்தான். இப்போது ஒவ்வொரு கோட்டையும் சந்தேகப்படுகிறேன். இடது கையால் இழுத்தால் எந்தத் தோள் இறங்கும்? எந்தக் கால் முன்னால்? பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆள். தெரியவில்லை.

நேல்ட்யாவிடம் சொல்லி அனுப்பினேன்: எனக்கு அவனைப் பார்த்து வரைய வேண்டும். வராவிட்டால் பரவாயில்லை என்றும் சொல்லச் சொன்னேன். அது பொய்.

பிப்ரவரி 29

வரவில்லை.

மார்ச் 9

வந்தான்.

பனி உருகி ஆறு ஓட ஆரம்பித்திருக்கிறது. அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, வலையின் ஒரு துண்டைத் தரையில் போட்டான். குல்லாவைக் கழற்றவில்லை.

"எங்கே நிக்கணும்?"

"ஜன்னல் பக்கம்."

நின்றான். இடது கையில் வலையை எடுத்து, இடது தோளை இறக்கி, வலது காலை முன்னால் வைத்தான். வலது கால்! எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது. சிவப்புச் சுண்ணத்தை எடுத்தேன். மன்னிப்பை முதலில் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"லேண்டெர்ட்—"

"கை வலிக்கும், சீக்கிரம் போடு."

போட்டேன். பாதி முடிந்தபோது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவன் பேசினான்.

"ஒரு தடவை போனேங்க்கா. போன வருஷம் ஏப்ரல்ல. மூடுபனி. கம்பம் கண்ணுக்குத் தெரியல. வலை போட்டப்புறம்தான் கோபுரத்து மணி தலைக்கு மேல கேட்டுச்சு. மீனைக் கொட்டிட்டு ஓடி வந்துட்டேன்."

சுண்ணம் என் விரலில் நின்றது.

"அன்னிக்குக் கரையில நீ கேட்டப்போ சொல்லியிருக்கலாம். நீ கேட்டியேன்னு ஆத்திரம். நீ கூடத்துல 'தாண்டினதே இல்லை'ன்னு சொல்லியிருந்தா…" நிறுத்தினான். "சொல்லாம விட்டியே. அன்னிக்கு முழுக்க உன்னைத் திட்டிக்கிட்டே படகு ஓட்டினேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான், நல்லவேளைன்னு தோணிச்சு. அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க வெட்கமா இருந்துச்சு."

நான் அழுதேன். மறைக்கவில்லை. "நான் உன்னைத் துரத்தினது தப்புடா. அன்னிக்கு நீ சொன்னது சரி. கை தப்பு. எல்லாம் தப்பு" என்றேன். கடைசியில் சொல்லிவிட்டேன், ஏழு மாதம் கழித்து, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"தெரியும்" என்றான்.

மத்தியானத்துக்குள் பலகையில் அவனை ஏற்றிவிட்டேன். கம்பத்துக்கு வலது பக்கம், அவன் தண்ணீரில், இடது கையோடு. ஹைபெர்டின் தண்ணீரிலிருந்து எடுக்கச் சொன்னார், எடுத்தாயிற்று. எங்கே வைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பின்பக்கம் ஹைபெர்ட் பிய்த்தெடுத்த சீட்டின் தடம் மட்டும் இருக்கிறது. அதை அப்படியே விட்டேன்.

லேண்டெர்ட் வந்து பார்த்தான். தலையைச் சாய்த்தான். எனக்கு முதுகு விறைத்தது.

"தண்ணி எந்தப் பக்கம் ஓடுது இதுல?"

"கடல் பக்கம். ஏன்?"

"அப்போ வலை ஏன் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமா மிதக்குது?"

பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறான், கழுதை. ஈரம் காயவில்லை இன்னும். கந்தலை எடுத்து வலையைத் துடைத்தேன். அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உட்கார்ந்து சொல்லு" என்றேன். "எந்தப் பக்கம்?"